மறுப்பைப் பறைசாற்றலாமா?

பொருளில்லாதவன் பொருளுடையவனிடஞ் சென்று ஒன்றை வேண்டுவதும், அவன் அதற்கு இசைவதும் மறுப்பதும் உலகில் நெடுங்காலமாக நிகழ்ந்துவருங் காரியங்கள். திருவள்ளுவர் இரத்தலைப் பற்றி ஓரதிகாரமும், இரத்தற்கு அஞ்சுதலைப் பற்றி மற்றோரதிகாரமும் வகுத்திருத்தலே, கேட்டுப் பெறுதலும் கேட்டுப் பெறாமையும் மக்கள் வாழ்வில் எத்துணைப் பெரிய இடத்தைக் கொண்டுள்ளன என்பதைக் காட்டும். ஆயினும், 'இல்லை' என்னும் விடையைக் கேட்டுத் திரும்பியவன் அதனை ஊரறியச் சொல்லலாமா, அன்றி நெஞ்சிற்குள்ளேயே அடக்கிக்கொள்ளல் வேண்டுமா என்னும் வினா, இக்காலத்துத் தொழிலுலகில் ஒரு புதிய வடிவங்கொண்டு எழுந்திருக்கின்றது. புதிதாகத் தொழில் தொடங்குவோர், தம்மை முதலீட்டாளர் மறுத்த செய்தியைப் பகிரங்கப்படுத்தல் தகுமா என்பதே அது. நம் கல்லூரியை விட்டுச் செல்வோருட் சிலரேனும் இத்துறையிற் புகக்கூடுமாதலின், இதனை ஈண்டுச் சிறிது ஆராய்தல் பயனுடைத்தாகும்.

முதற்கண், சொற்களின் பொருளை வரையறுத்துக்கொள்வோம். ஸ்டார்ட்டப் என்றும் புத்தொழில் நிறுவனம் என்றும் வழங்குவது, புதியதோர் எண்ணத்தைக் கைம்முதலாகக் கொண்டு, விரைந்து பெருகவேண்டும் என்னும் நோக்கத்தோடு சிலர் கூடித் தொடங்குந் தொழிலாகும். இவர்களிடம் எண்ணம் உண்டு, உழைப்பு உண்டு, பணம் இல்லை. ஈடுவைத்தற்கு நிலமோ நகையோ இல்லாமையாற் பாங்கியுங் கடன் கொடாது. ஆதலின் துணிகர முதலீட்டாளர் எனப்படுவோரை நாடிச் செல்கின்றனர். இம்முதலீட்டாளர் வட்டிக்குப் பணங் கொடுப்பவர் அல்லர். தொழிலில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு பணம் இடுபவர். தொழில் தழைத்தால் அப்பங்கின் விலை பன்மடங்காகும். தொழில் பட்டுப்போனால் இட்ட பணமும் அதனோடு போகும். முதலிட்ட பல தொழில்கள் பயன்றராது போக, ஒன்றிரண்டே அவ்விழப்பையெல்லாம் ஈடுசெய்யும் என்பது இவர்தம் அனுபவம். ஆகவே, மிகப் பெரிதாக வளரும் என்று தமக்குத் தோன்றாத எதனையும் அவர் மறுத்துவிடுவர். 885 முதலீட்டாளரை வினவி, பொருளியற் பேராசிரியர் நால்வர் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, ஒரு தொழிலில் முதலிடுதற்கு ஏறத்தாழ நூறு தொழில்களை இவர்கள் பார்வையிடுகின்றனர் என்று கூறுகின்றது. இத்துறையில் மறுப்பே விதி, இசைவே விலக்கு என்பது இதனாற் பெறப்படும்.

இங்ஙனம் மறுக்கப்பட்டவர் அதனை வெளிப்படுத்தவேண்டும் என்று ஒரு சாரார் கூறுவர். வெற்றி பெற்றோரின் கதைகளையே எங்குங் கேட்கும் இளைஞர், முதற்கதவு அடைபட்டவுடனே தம்மிடத்துத்தான் குறையென்று எண்ணிச் சோர்ந்துவிடுகின்றனர். மறுப்பு எல்லார்க்கும் பொது என்பதை அவர் அறியின் ஊக்கங் கொள்வர். மேலும், எந்த முதலீட்டாளர் எக்காரணத்தால் மறுக்கிறார் என்பது தெரியின் பின்வருவோர்க்கு வீண் அலைச்சல் குறையும் என்பன இவர் காட்டும் நியாயங்கள். வேண்டா என்பாரோ, வீட்டுக் குறையை வீதியிற் சொல்லுவதாற் கௌரவங் கெடும், மறுத்தவர் பகைவராவர், இனி வரவிருப்போரும் அஞ்சி விலகுவர் என்பர். இரு சாராரும் உண்மையில் ஒரு பகுதியையே காண்கின்றனர் என்பது எமது கருத்து. எவரிடத்து, எப்பொழுது, எதனைச் சொல்லுதல் என்பனவற்றைப் பிரித்து நோக்காமையே இவ்வழக்கு முடிவின்றி நீளுதற்குக் காரணமாம்.

மறுப்பை வெளியிட்டவருள் யாவரும் அறிந்த ஒருவரை முதலில் எடுத்துக்கொள்வோம். வழிப்போக்கர் தங்குதற்கு மக்கள் தம் வீட்டின் அறைகளை வாடகைக்கு விட வழிசெய்யும் ஏர்பிஎன்பி என்னும் நிறுவனம், 2007ஆம் ஆண்டில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில், வாடகை கொடுக்க இயலாத இளைஞர் தம் வீட்டுத் தரையிற் காற்று மெத்தைகளை விரித்து விருந்தினரை ஏற்றதிலிருந்து தோன்றியது. 2008ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அதனை நிறுவியோர் நண்பர் ஒருவர் மூலமாக ஏழு முதலீட்டாளருக்கு அறிமுகம் பெற்றனர். அவர்கள் வேண்டியது 1,50,000 டாலர். அதற்கு ஈடாகத் தர முன்வந்தது நிறுவனத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு. ஐவர் மறுத்தெழுதினர், இருவர் மறுமொழியே விடுக்கவில்லை. சந்தை போதிய அளவு பெரிதன்று என்றார் ஒருவர். தமது துறையன்று என்றார் வேறொருவர். அவ்வாண்டிலேயே, நாட்டுத் தலைவர் தேர்தலை ஒட்டி, வேட்பாளர் இருவர் பெயராலும் தானிய உணவுப் பெட்டிகள் செய்து, பெட்டி 40 டாலராக விற்று இவர்கள் நாட்களைக் கடத்தினர். 2009ஆம் ஆண்டிலேதான் இவர்களுக்கு முதலீடு கிடைத்தது. 2015ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், நிறுவியவருள் ஒருவராகிய பிரயன் செஸ்கி அவ்வைந்து கடிதங்களையும் உலகறிய வெளியிட்டார். 2020ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நிறுவனத்தின் பங்குகள் 68 டாலர் விலைக்குப் பொதுமக்களுக்கு அளிக்கப்பட்டு, சந்தையில் முதல் விற்பனையே 146 டாலருக்கு நிகழ்ந்தது.

செஸ்கியின் செயலிற் பாராட்டத்தக்கன உள. மறுத்தோர் அறிவுடையோரே என்றும், அக்காலத்துத் தம் தொழில் அவர் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றியிராது என்றும் அவர் எழுதினார், எவரையும் இழித்துரைக்கவில்லை. மறுக்கப்பட்ட எண்ணத்தோடு நிற்கும் பிறர்க்கு ஊக்கமூட்டுவதே தம் நோக்கமென்றுங் குறித்தார். ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது. அக்கடிதங்கள் வந்தது 2008இல், வெளிவந்தது 2015இல். இடைப்பட்ட ஏழாண்டில் அவர் உலகப் புகழ்பெற்ற நிறுவனத்தின் தலைவராகிவிட்டார். பசித்திருந்த நாளிலே சொன்ன சொல் அன்று அது. உண்டு களித்தபின் நினைவுகூர்ந்த பசியே ஆகும்.

நம் பழந்தமிழ் நூலிலும் இதற்கொப்பான ஒரு நிகழ்ச்சி காணப்படுகின்றது. வறுமையுற்ற பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் வெளிமானிடத்துப் பரிசில் வேண்டிச் சென்றார். இறக்குந் தறுவாயிலிருந்த அவன், பரிசில் தருமாறு தம்பியாகிய இளவெளிமானிடம் ஒப்புவித்தான். தம்பியோ சிறிதே கொடுத்தான். புலவர் அதனைக் கொள்ளாது பெயர்ந்து குமணனிடஞ் சென்று பாடி, யானையொன்றைப் பரிசிலாகப் பெற்றார். பெற்றவர் நேரே தம்மூர் செல்லவில்லை. இளவெளிமானது ஊருக்கு வந்து, அவனது காவன்மரத்திலே அவ்யானையைக் கட்டி, ஊரறியப் பாடிச் சென்றார். புறநானூற்றின் 162ஆம் பாட்டு அதுவே. புலவரின் தன்மதிப்பை நாம் போற்றுகின்றோம். எனினும், யானை கிடைத்த பின்னரே காவன்மரம் நினைவிற்கு வந்தது என்பதையும் கருதுதல் வேண்டும். குமணனும் மறுத்திருப்பின் அப்பாட்டு நமக்குக் கிடைத்திருக்குமா?

இவ்வினாவை வேறு முறையில் எழுப்பியவர் ரோமாபுரியின் அறிஞராகிய சிசெரோ. கடலிற் புயலுக்குத் தப்பியவர் காணிக்கையாக வைத்த படங்கள் பலவற்றைத் தயகோரஸ் என்பவருக்கு ஒருவர் காட்டி, தெய்வம் மக்களைப் புறக்கணிக்கவில்லை என்பதற்கு இவை சான்றல்லவோ என்றாராம். அதற்கு அவர், மூழ்கி இறந்தவருடைய படங்களைக் காட்டுவார் எவருமிலரே என்று விடையிறுத்தாராம். பிரான்ஸிஸ் பேக்கன் இக்கதையை 1620ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் எடுத்தாண்டு, மனித அறிவை மயக்கும் பிழைகளுள் ஒன்றனை விளக்கினார். தெய்வம் உண்டா இல்லையா என்னும் வாதம் ஈண்டு நமக்கு வேண்டுவதன்று. சான்றை எண்ணும் முறையே வேண்டுவது. மறுப்புக் கடிதங்களை வெளியிட்டோருட் பெரும்பாலோர் கரையேறியவர். அவர் கதைகளை மட்டுங் கேட்கும் இளைஞன், 'ஏழு பேர் மறுத்தனர்; ஆதலின் நான் வெல்வேன்' என்று ஒரு விபரீத நியாயத்தைக் கற்றுக்கொள்கின்றான். ஏழு பேர் மறுத்து, எட்டாமவரும் மறுத்து, தொழில் கலைந்து, கடனோடு வீடு திரும்பியவர் எத்தனையோ பேர். அவருடைய படம் எந்தக் கோயிலிலும் மாட்டப்படவில்லை.

அப்படியாயின், கரையேறும் வரை காத்திராது, மறுப்பு வந்த அன்றே வெளியிட்டுவிடலாமே என்று ஒருவர் வினவலாம். இதிலும் இடர்கள் உள. முதலாவது, மக்கள் பிறரைப் பார்த்து நடக்கும் இயல்புடையவர். பின்னர் 2019ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, 1992ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் இதனை உணவு விடுதிகளை வைத்து விளக்கினார். அடுத்தடுத்துள்ள இரு விடுதிகளில் ஒன்றிற் சிலர் நுழையக் கண்டால், பின்வருவோர் தமக்குத் தெரிந்த செய்தியைக் கைவிட்டு அக்கூட்டத்தையே பின்பற்றுவர். அதனாற் சிறந்த விடுதி வெறுமையாய்க் கிடத்தலும் உண்டு. முதலீட்டாளரும் மனிதரே. ஏழு பேர் மறுத்தனர் என்ற செய்தி முன்னே சென்றால், எட்டாமவர் தொழிலை ஆராயுமுன் அவ்வெழுவரையே ஆராய்வர். முதல் இருவர் அவசரத்தில் மறுத்த மறுப்பு, பின்வரும் இருபது பேருடைய தீர்ப்பாகிவிடும். நூறில் ஒன்றையே ஏற்கும் ஒருவர் காரணஞ் சொல்லாது மறுத்தது உண்மையிற் செய்தியே அன்று. செய்தியல்லாததைச் செய்தியாக்கிப் பரப்புவதனால் தனக்கும் தீங்கு, கேட்போர்க்கும் மயக்கம்.

இரண்டாவது, சட்டமும் குறுக்கே நிற்கின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பெரும்பாலான புத்தொழில் நிறுவனங்கள் அரசாங்கப் பதிவின்றித் தனிப்பட்ட முறையிற் பங்கு விற்பதற்குக் காரணமாய விதி, 506 என்னும் எண்ணுடையது. அதன் பழைய பிரிவின்படி, பணந் திரட்டுவதைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்தல் கூடாது. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக 2013ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் விளம்பரத்திற்கு இடந்தரும் புதிய பிரிவொன்று உண்டாயிற்றேனும், அதில் வாங்குவோர் யாவரும் உரிய செல்வநிலை உடையவர் என்பதைச் சோதித்தறிதல் வேண்டும். 'இன்ன தொகை திரட்ட முயல்கின்றோம். இன்னார் மறுத்துவிட்டனர்' என்று ஒருவன் பகிரங்கமாகப் புலம்புவது, முதலீடு தேடும் விளம்பரமாகக் கொள்ளப்படவுங் கூடும். வாய்ச்சொல்லால் வழியை அடைத்துக்கொள்ளுதல் விவேகமாகாது.

மூன்றாவது, மறுப்புக் கடிதம் இருவருக்கு உரியது. எழுதியவர் ஒருவருக்கென்று எழுதினார். ஆயிரம் பேர் படிப்பர் என்று கருதியிருப்பின் வேறுவிதமாக எழுதியிருப்பார், அன்றி எழுதாமலே இருந்திருப்பார். உண்மையான காரணத்தை விளக்கி மறுப்பெழுதுதல் முதலீட்டாளர் செய்யத்தக்க பேருதவி. அங்ஙனம் எழுதியவரின் பெயரைச் சந்தியில் இழுத்தால், அடுத்த முறை அவரிடமிருந்து வருவது 'காலம் இன்னும் கனியவில்லை' என்னும் வெற்றுரையே. இதனால் நட்டமடைவது இழுத்தவர் மட்டுமல்லர்; அவருக்குப் பின் அதே கதவைத் தட்டும் ஏழைத் தொழிலாளரெல்லாரும் நட்டமடைவர். மேலும், மறுத்தவரை மூடரெனக் காட்டும் ஆசை பெரும்பாலும் நியாயமற்றது. படியெடுக்கும் பொறிக்கு மூலமான முறையைக் கண்டறிந்த செஸ்டர் கார்ல்ஸன் 1938ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் முதற்படியை எடுத்தார். அதன்பின் ஐபிஎம், ஜெனரல் எலெக்ட்ரிக் முதலாக இருபதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் அவரை மறுத்தன. பாட்டெல் என்னும் ஆராய்ச்சி நிலையம் கைகொடுத்தது 1944இல். அலுவலகங்களிற் பெருவழக்காகப் பரவிய பொறி வெளிவந்தது 1959இல். மறுத்த கம்பெனிகளின் கண்முன் இருந்தது, கையால் தேய்த்துத் தூள் தூவி எடுத்த மங்கலான ஒரு படி. அதற்கும் 1959ஆம் ஆண்டுப் பொறிக்கும் இடையே இருபதாண்டு உழைப்புக் கிடந்தது. அன்று மறுத்தவர் அன்றிருந்த பொருளை மறுத்தனர்.

நிற்க. இதுவரை கூறியவற்றால், மறுப்பை மறைத்துவிடுதலே முறையென்று நாம் கூறுவதாக எவருங் கொள்ளற்க. மறைப்பின் கொடுமைக்கு நம் காலத்தே ஒரு பெரிய சான்றுண்டு. விரல்நுனியில் எடுத்த சில துளி இரத்தத்தால் பற்பல நோய்ச்சோதனைகளைச் செய்வதாகக் கூறித் தேரானோஸ் என்னும் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தொடங்கப்பட்டது. மருத்துவத் தொழிலிற் பழகிய முதலீட்டாளர் சிலர் தொழில்நுட்பத்தைப் பற்றி வினவி, தக்க விடை பெறாது விலகினர். கூகிள் வென்ச்சர்ஸ் நிறுவனத்தின் தலைவராயிருந்த பில் மாரிஸ் சொன்ன செய்தி இன்னுந் தெளிவானது. தம்மவருள் ஒருவரை மருந்துக்கடைக்கு அனுப்பி அச்சோதனையைச் செய்துகொள்ளச் செய்ததில், சொன்னதற்கும் செய்ததற்கும் பொருத்தமில்லையெனத் தெரிந்தமையால் தாம் முதலிடவில்லை என்றார். ஆனால் அவர் இதனைச் சொன்னது 2015ஆம் ஆண்டு அக்டோபரில், அந்நிறுவனத்தின் குறைகள் பத்திரிகையில் வெளிவந்த பின்னர். அதற்குள் மருத்துவத்துறையில் அனுபவமில்லாத பெருஞ்செல்வர் பலர், ஒவ்வொருவரும் பத்துக் கோடி டாலரும் அதற்கு மேலுமாகக் கொட்டிவிட்டனர். நிறுவனம் 2018ஆம் ஆண்டிற் கலைந்தது. அதனை நிறுவிய எலிசபெத் ஹோம்ஸ் முதலீட்டாளரை ஏமாற்றிய குற்றத்திற்காக 2022ஆம் ஆண்டில் தண்டனை பெற்றார்.

இழந்தவர் செல்வர்தாமே என்று ஒருவர் கூறலாம். அந்நிறுவனத்தின் சோதனையை நம்பி மருத்துவம் செய்துகொண்ட நோயாளருஞ் செல்வரோ? அறிந்தோர் மறுத்த மறுப்பும் அதன் காரணமும், அறியாதோர் செவிக்கு எட்டியிருப்பின் கதை விரைவில் முடிந்திருக்கும். இதனால் நாம் அறிவது யாது? மறுப்புக்களில் இருவகை உண்டு. 'எமக்கு விருப்பமில்லை' என்பது ஒன்று; 'உம்முடைய பொருள் நீர் சொல்லியவாறு வேலை செய்யவில்லை' என்பது மற்றொன்று. முன்னது ஒருவரது சுவையைப் பற்றியது; அதனைச் சொல்லினும் சொல்லாவிடினும் பெரிதன்று. பின்னது உண்மையைப் பற்றியது. அதனைக் கேட்டவன், அந்தக் குறையைத் தீர்க்கும்வரை, அடுத்துப் பணந் தருவோரிடத்து மறைத்தல் வஞ்சனையாகும். 'எம்முன்னே உம்மைப் பார்த்தவர் யாது கூறினர்?' என்று ஒரு முதலீட்டாளர் நேரே வினவுவாராயின், பெயரைச் சொல்லாது விடலாம். காரணத்தை ஒளித்தல் ஆகாது.

பணந் தருவோரினும் இச்செய்திக்கு மிகுந்த உரிமையுடையவர் வேறு சிலர் உளர். அவர் உடனுழைப்போர். புத்தொழில் நிறுவனத்தில் சேரும் இளைஞன், வேறிடத்திற் கிடைக்கக்கூடிய பெருஞ்சம்பளத்தை விட்டு, குறைந்த சம்பளத்தோடு நாளைய பங்குகளின் மேல் நம்பிக்கை வைத்துச் சேருதல் வழக்கம். பெரியோர் பணத்தை முதலிட, இவன் தன் வயதை முதலிடுகின்றான். பணம் போயின் மீண்டும் ஈட்டலாம். போன ஆண்டு வாராது. கையிருப்பு ஐந்து திங்களுக்கே உண்டு, சென்றவிடமெல்லாம் மறுத்துவிட்டனர் என்பதைத் தலைவர்கள் மட்டும் அறிந்து, பணியாளர்க்கு முகமலர்ச்சியையே காட்டிவந்து, ஒருநாட் காலையிற் கதவைப் பூட்டிவிடும் நிறுவனங்கள் உண்டு. அதனை நம்பி வீடு பிடித்தவன், பெற்றோருக்குப் பணம் அனுப்புபவன், மணம் நிச்சயித்தவன் யாவரும் அன்று நடுத்தெருவில் நிற்கின்றனர். தங்கள் மறுப்புக் கதையைப் பின்னாளில் உலகத்திற்கெல்லாம் உருக்கமாக எடுத்துரைக்கும் தலைவர், அந்நாளிலே அடுத்த மேசையிலிருந்தவனுக்கு அதனைச் சொன்னாரா என்று நாம் கேட்டல் வேண்டும். ஊக்கங் குன்றிவிடுவர் என்று அஞ்சி மறைத்தேன் என்பது தக்க விடையன்று. அவன் வாழ்வைப் பற்றி முடிவுசெய்தற்கு உரியவன் அவனே. அம்முடிவிற்கு வேண்டிய செய்தியை அவனிடமிருந்து பறித்தல் நியாயமாகாது.

அங்ஙனமாயின் வெளியுலகிற்கு ஒன்றுமே சொல்லவேண்டாவோ எனின், சொல்லலாம். ஆனால் அதற்குரிய காலமும் முறையும் உண்டு. பணந் திரட்டும் முயற்சி வெற்றியிலோ தோல்வியிலோ முடிந்தபின், யாது கேட்டோம், எக்காரணங் கூறி மறுத்தனர், அக்காரணங்களில் எவை மெய்யென்று பின்னர்க் கண்டோம் என்பவற்றைப் பெயர் சுட்டாது எழுதிவைத்தல் பொதுநன்மை. இதனைத் தோற்றவர் எழுதுதல் மிகவுஞ் சிறந்தது. வென்றவர் எழுதினால் மறுத்தவர் தவறினர் என்ற ஒரு பாடமே கிடைக்கும். தோற்றவர் எழுதினால் மறுத்தவர் எதனை முன்னரே கண்டனர் என்பதுந் தெரியவரும்.

முதலீட்டாளரிலுஞ் சிலர் தாம் மறுத்தவற்றை வெளியிடுகின்றனர். 1911ஆம் ஆண்டிற் றோன்றிய பெஸ்ஸமர் என்னும் முதலீட்டு நிறுவனம், தான் மறுத்துப் பின்னர்ப் பெருவாழ்வு பெற்ற கம்பெனிகளின் பட்டியலைத் தானே வெளியிட்டிருக்கின்றது. கூகிள், ஆப்பிள் முதலியன அதிற் காணப்படும். பெடரல் எக்ஸ்பிரஸ் கம்பெனியைத் தாம் ஏழு முறை மறுத்ததாகவும் அவர்கள் நகைச்சுவையோடு குறித்துள்ளனர். யூனியன் ஸ்குயர் வென்ச்சர்ஸ் நிறுவனத்தின் பிரெட் வில்ஸன், ஏர்பிஎன்பியைத் தாம் மறுத்ததையும், அவர்களது தானிய உணவுப் பெட்டியொன்றை நினைவூட்டாகத் தம் ஆலோசனைக் கூடத்தில் வைத்திருப்பதையும் 2011ஆம் ஆண்டில் எழுதினார். தம் தவற்றைத் தாமே சொல்லும் இப்பெருந்தன்மை போற்றத்தக்கதே. எனினும், இப்பட்டியல்களிலும் தயகோரஸ் கண்ட குறையே உண்டு. தாம் மறுத்தது சரியாய் முடிந்த ஆயிரக்கணக்கான தொழில்கள் அவற்றில் இல்லை. இப்பட்டியலைப் படிக்கும் இளைஞன், முதலீட்டாளர் எப்பொழுதுந் தவறுவர் என்று கருதிவிடலாகாது.

மாணவ நண்பர்காள்! உங்களுள் ஒருவர் நாளை ஒரு தொழிலைத் தொடங்கிப் பலர் வாயிலில் நிற்க நேரிடலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கதவுகள் அடைபடுதல் இத்துறையின் இயல்பு என்பதை முன்னரே அறிந்து செல்லுங்கள். மறுப்புக் கிடைத்த அன்று, காரணத்தைப் பணிவோடு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்று மாலையே அதனை உங்கள் கூட்டாளிக்கும், உங்களை நம்பி உழைப்போர்க்குங் காட்டுங்கள். கையிருப்பு எத்தனை திங்களுக்குப் போதும் என்பதையும் உடன்கூறுங்கள். காரணம் உங்கள் பொருளின் மெய்ம்மையைப் பற்றியதாயின், அதனைத் தீர்க்கும்வரை வேறொருவரிடம் பணங் கேளாதீர்கள். கேட்க நேரின், குறையைச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தவர் பெயரை ஊர்ச்சந்தைக்குக் கொண்டுசெல்லாதீர்கள். யாவும் முடிந்தபின், வென்றாலும் தோற்றாலும், பின்வருவோர்க்குப் பயன்படும்படி உள்ளதை உள்ளவாறு எழுதிவையுங்கள். தோற்றவர் எழுதும் அவ்வேட்டிற்கு இன்று உலகிற் பெரும் பஞ்சம் இருக்கின்றது; அதனை எழுதுதற்கு நாணுவோர் பலராதலின், எழுதுவோர் செய்யும் உதவி பெரிது.

மறுப்பை உலகறியச் சொல்லுதற்கு எவர்க்குங் கடமையில்லை. தம் பணத்தையும் தம் ஆண்டுகளையும் நம்மிடம் ஒப்புவித்தவர்க்கு அதனை உரிய காலத்திற் சொல்லுதல் நம் கடமை. அக்கடமையைச் செய்தவர், பின்னர் ஊரறியச் சொல்லினும் சொல்லாதொழியினும் அவர்மேற் பழியில்லை என்பதே எமது துணிபு.